இரண்டாவது தாள்

ட்ரோன்ஹெய்ம் நகரில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் அலுவலகம் ஒன்றில் ராக்னில்டும் டோர்டிஸும் வருடக்கணக்காக முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். மரம் அறுக்கும் மில்லில் அப்பாவின் கை போனபோது பள்ளியை விட்டவள் ராக்னில்ட். கல்யாணம் ஆகவில்லை. ஒரு வாடகை அறையும் இந்த நாற்காலியும்தான் அவளுக்கு இருந்தன.

ஒரே பாலத்தின் கணக்கை இருவரும் தனித்தனியே போட வேண்டும். மூட்டுகளையெல்லாம் பூட்டியதாக வைத்து, ஒவ்வொன்றாக விடுவித்து, மிஞ்சும் திருப்புத்திறனை உத்தரத்துக்கும் தூணுக்கும் பங்கிட்டு, பாதியை மறுமுனைக்கு அனுப்ப வேண்டும். மிச்சம் தேயும்வரை இதே வேலை. பேசக்கூடாது. இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் பொறியாளர் ஹோக்ஸ்டாட் கையெழுத்துப் போடுவார்.

களைத்துவிட்டால் டோர்டிஸ் அனுப்பும் பாதிக்குக் கூட்டல் குறியைக் கழித்தலாக்கிவிடுவாள். காபி ஊற்றும் சாக்கில் ராக்னில்ட் எட்டிப் பார்த்து அவள் நாற்காலியை இடிப்பாள்; டோர்டிஸ் குறியைத் திருத்திக்கொள்வாள்.

"நீ இல்லேன்னா என்னை என்னைக்கோ துரத்தியிருப்பாங்கடி," என்று டோர்டிஸ் படியிறங்கும்போது சிரிப்பாள்.

அந்த வசந்தத்தில் ஹோக்ஸ்டாட் சொன்னார்: "நமக்கும் கணக்குப் போடற மெஷின் வரப்போகுது. ஒரு நாற்காலிதான் மிஞ்சும். இந்தப் பாலத்துக்குக் பொறியியல் கல்லூரியில இருக்கற மெஷின் குடுத்த விடை என்கிட்ட இருக்கு. தப்பு விடறவங்க கிளம்பலாம்."

மூன்றாவது மூட்டில் டோர்டிஸ் குறியை மாற்றியிருந்ததை ராக்னில்ட் பார்த்தாள். காபியை ஊற்றிக்கொண்டு, நாற்காலியில் படாமல் ஒதுங்கி வந்து உட்கார்ந்தாள்.

டோர்டிஸின் விடை மெஷினோடு ஒத்துப்போகவில்லை. அவள் கம்பளிச் செருப்பைப் பையில் திணித்துக்கொண்டு ராக்னில்டைக் கட்டிப்பிடித்தாள். "பாவம், உனக்குக் கவனிக்க நேரமில்லை போல. நீயாச்சும் இருடி."

அடுத்த பாலத்தின் கணக்கை ராக்னில்ட் கொண்டுபோனபோது ஹோக்ஸ்டாட் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டாவது தாள் எங்க?"

"டோர்டிஸ்தான் போயிட்டாளே, ஐயா."

"அட, ஆமா. ஒருத்தர் போட்டதை எப்படி நம்பறது? நான் இதை யோசிக்கவேயில்ல." அவருக்குச் சிரிப்பு வந்தது. "சரி, நம்ம மெஷின் வர்றவரைக்கும் கல்லூரிக்கே அனுப்பிடறேன். நீங்களும் இந்த வாரத்தோட நின்னுக்கலாம்."

"அவளைத் திரும்பக் கூப்பிடலாமே..."

"தப்பாப் போடறவளையா?"

அவள் எப்போதும் தப்பாகத்தான் போட்டாள், நான்தான் திருத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், ஒத்துப்போனதாக அவர் கையெழுத்திட்ட பாலங்கள் அத்தனையும் ஒற்றைத் தாளில் நிற்பவை என்று ஆகும். கதவுப் பக்கம் திரும்பினாள்.

"போறப்ப அந்த ரெண்டு நாற்காலியையும் ஓரமாத் தள்ளிட்டுப் போங்க," என்றார் அவர். "மெஷினுக்கு ஒயர் இழுக்க ஆள் வர்றாங்க."