பதினேழாம் இலக்கக் கிணறு

துஷாந்தினிக்குப் பொய் சொல்ல வராது என்று கரம்பொனில் எல்லோரும் சொல்வார்கள். வாய் திறக்க முதலே முகம் காட்டிக் கொடுத்துவிடும். காது இரண்டும் சிவந்துபோகும். கணினிக்கு ஆட்களின் காதைப் பார்க்கத் தெரியாது என்பதுதான் பின்னால் வினையாகிப் போனது.

முப்பத்தாறு வயது. பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் படித்தவள், கணினிப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவது. படித்து முடித்து வந்து, அரச வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்து, கடைசியில் ஊர்காவற்றுறையில் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம். அப்படியிருந்தவளுக்குத்தான் பிரவீனன் சேர் என்ற விரிவுரையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. தீவுகளின் நிலத்தடி நீரை ஆராய்கிறவர். ஊரில் இருந்தபடியே அளக்கவும் கணினி வேலை பார்க்கவும் தெரிந்த ஒருவர் அவருக்கு வேண்டியிருந்தது. துஷாந்தினி அன்று தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோசம்.

வேலை இதுதான். கரம்பொனில் இருபத்துநான்கு கிணறுகள். வியாழன்தோறும் ஒவ்வொன்றிலும் தண்ணீர் அள்ளி, உப்பு அளக்கும் மீற்றரை அதற்குள் விட்டு, வருகிற எண்ணைக் குறிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து லப்டொப்பில் ஏற்ற வேண்டும். அந்த எண்களை வைத்து சேர் கணினிக்குள் இன்னொரு கரம்பொனையே கட்டுவார். மேலே மழை, கீழே சுண்ணாம்புக்கல், சுற்றிவரக் கடல். எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைத்தால் எந்த மாதத்தில் உப்பு ஏறும் என்று அந்தக் கணினிக் கரம்பொன் சொல்லும். ஒரு வருடம் அளந்தால் போதும், பிறகு தோட்டம் செய்யத் தோதான கிணறு ஒன்றைத் தெரிவுசெய்து, மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் போட்டுப் பரீட்சித்துப் பார்ப்பார்கள்.

சேர் அனுப்பிய வரைபடத்தைத் திறந்தவள் பதினேழாம் இலக்கத்தை இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தாள். அது இரஞ்சிதம் மாமியின் கிணறு.

இரஞ்சிதம், துஷாந்தினியின் தகப்பனுடன் கூடப்பிறந்த தங்கச்சி. அடுத்த வளவு. சீதனமாகக் கொடுத்த அந்தக் காணியின் வேலியில் யாரோ எல்லைக் கம்பான கதியாலைத் தள்ளி நட்டார்கள். மூன்றடி. நட்டது யார் என்பதில் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இரண்டு கதை. வழக்கு கோட்டுக்குப் போய், அங்கும் தீராமல், பதினொரு வருடமாக ஒரு சொல் கிடையாது. நாலு வருடத்துக்கு முன் தகப்பன் செத்தபோது, பத்தடி தூரத்தில் இருந்த தங்கச்சி செத்தவீட்டுக்கு வரவில்லை. அதோடு எல்லாம் அறுந்தது. “அந்தப் படலைக்குள்ள கால் வைச்சாயெண்டா இஞ்ச வராதை” என்று தாய் அன்னபூரணம் சொல்லி வைத்திருந்தாள். மாமிக்கும் புருசன் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். தனியாகத்தான் இருந்தாள்.

முதல் வியாழன் இருபத்துமூன்று கிணறு அளந்தாள். பதினேழின் கட்டத்தை வெறுமையாக விட்டாள். அடுத்த வியாழனும் அப்படியே. மூன்றாம் கிழமை சேர் போனில் எடுத்தார்.

“துஷாந்தினி, பதினேழு ஏன் வெறுமையாக் கிடக்குது?”

“வீட்டில ஆக்கள் இல்லை சேர்.”

“பரவாயில்லை, அடுத்த முறை பாத்து எடுங்கோ.”

காது சிவந்தது. தொலைபேசியில் தெரியவில்லை.

அந்த இடத்தில் அவள் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்: சேர், அவையோட நாங்கள் கதைக்கிறதில்லை. ஒரு நிமிட வெட்கம், அவ்வளவுதான். ஆனால் படித்த மனிசர் ஒருவரிடம் போய், மூன்றடி வேலிக்காக என் சொந்த மாமியின் முகத்தில் விழிப்பதில்லை என்று எப்படிச் சொல்வது? இதென்ன ஊர், இதென்ன சனம் என்று நினைத்துவிடுவாரே. விஞ்ஞானம் படித்தவள் என்ற பெருமையைக் காப்பாற்றத்தான் அவள் விஞ்ஞானத்தில் கை வைத்தாள். எண்ணிப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. அவளுக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

கை வைத்தது இப்படி. அளக்காத இடத்தின் அளவைச் சுற்றியிருக்கிற கிணறுகளை வைத்து ஊகிக்க அந்த மென்பொருளில் வழி இருந்தது. அது ஒன்றும் களவு இல்லை, எல்லோரும் செய்கிறதுதான். ஊகித்தது என்று தெரிவதற்காக மென்பொருளே அந்த எண்ணுக்கு வேறு நிறமும் போட்டுவிடும். துஷாந்தினி நிறத்தை எடுத்தாள். எண்ணைக் கொண்டுபோய் அளந்த எண்களின் பட்டியலில் ஒட்டினாள். ஒவ்வொரு கிழமையும் அது வழுவழுப்பாக வந்ததைப் பார்த்து, இப்படி நேராக எந்தக் கிணறும் நடக்காதே என்று யோசித்து, கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைக்கிற மாதிரி ஆறு வரியில் ஒரு நிரலும் எழுதினாள். எழுதி முடித்து, பிழையில்லாமல் ஓடியதும், ஒரு கணம் கெட்டிக்காரி என்றும் தன்னை நினைத்துக்கொண்டாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு கிழமை. ஒவ்வொரு வியாழனும் மீற்றரும் கையுமாக மாமியின் வாசல் படலையைத் தாண்டிப் போனாள். தலையைத் திருப்பவில்லை.

வருடம் முடிந்தது. சேர் குரலெல்லாம் பூரிப்பாக எடுத்தார். கணினிக் கரம்பொன் மொடல் நன்றாக வந்திருக்கிறதாம். மற்றக் கிணறுகளில் அங்குமிங்குமாக விலகுகிறது, பதினேழில் மட்டும் அளந்ததும் கணித்ததும் அச்சொட்டாகப் பொருந்துகிறதாம். பொருந்தாமல் என்ன செய்யும்? அக்கம்பக்கத்துக் கிணறுகளைக் கேட்டு எழுதின எண் அது, அதே அக்கம்பக்கத்தைக் கேட்டுத்தான் மொடலும் கணித்தது.

“உங்கட அளவில நல்ல கவனம் தெரியுது” என்றார் சேர். “தோட்டத்தைப் பதினேழிலேயே போடுவம்.”

“ஓம் சேர்” என்றாள்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மார்கழி மழையில் ஆட்கள் வந்து கிணற்றைச் சோதித்தார்கள், மழைத் தண்ணீர் நிறைந்து நல்லபடியாகத்தான் இருந்தது. பாத்தியா, ஒன்றும் பிழையில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரஞ்சிதம் மாமி மட்டும் வந்தவர்களிடம் சொன்னாளாம்: “ஆனியில சவர் ஏறும் தம்பி, தண்ணி உப்புக் கரிக்கும், எனக்குத் தெரியும்.” அதற்கு அவர்கள் வரைகோட்டைக் காட்டி, ஒரு வருடம் கிழமைக்கிழமை அளந்தது அம்மா, ஆவணியிலும் உப்பு ஆயிரத்து நானூறைத் தாண்டவில்லை என்றார்களாம். யார் அளந்தது என்று மாமி கேட்டாளாம். துஷாந்தினி என்றதும், வேலிப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்ப சரி” என்றாளாம். இதை ஊரில் வேறு யாரோ கதையோடு கதையாகச் சொல்லத்தான் துஷாந்தினிக்குத் தெரிய வந்தது.

மாசியில் ஆயிரம் மிளகாய்க் கன்று நட்டாள் மாமி. அறுபது வயதில், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கன்றாகக் குந்தியிருந்து பார்த்தாள். சித்திரையில் பூத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் பச்சை தெரியும். துஷாந்தினி குசினி யன்னலைத் திறக்காமலே விட்டாள். வைகாசிக் கடைசியில் இலை ஓரம் கருகத் தொடங்கியது. ஆனியில் காய் சூம்பியது. ஆடியில் தோட்டம் முழுவதும் குச்சியாக நின்றது.

சேர் ஆட்களோடு வந்தார். துஷாந்தினியும் வரவேண்டும் என்றார். தாய்க்குச் சாக்குச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கழித்து அந்தப் படலைக்குள் கால் வைத்தாள். ஊர்ச்சனம் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சேர் வாளியில் தண்ணீர் அள்ளி மீற்றரை விட்டார். ஆறாயிரத்து இருநூறு. மூவாயிரத்துக்கே மிளகாய் தாங்காது.

சேர் பட்டியலைப் பார்த்தார், மீற்றரைப் பார்த்தார். கோபமாக அல்ல, விளங்காமல்தான் கேட்டார்.

“போன வருசம் ஆடி, ஆவணியில இந்தக் கிணறு அளந்ததுதானே?”

துஷாந்தினிக்குக் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது இரஞ்சிதம் மாமி வாய் திறந்தாள்.

“ஓம் தம்பி. பிள்ளை கிழமைக்கொருக்கா வந்தவ. நான்தான் தண்ணி அள்ளிக் குடுத்தனான்.”

அவ்வளவுதான். சனத்தின் பார்வை விலகியது. துஷாந்தினி கருகின மிளகாய்களுக்கு நடுவே நின்றாள். பயிரைக் கொன்றவளுக்குப் பயிரின் சொந்தக்காரியே சாட்சி சொல்லிவிட்டாள். நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

நிலம் பிளக்கத்தான் செய்தது, கணினிக்குள். மூன்று கிழமை கழித்து சேர் எடுத்தார். இரவு பகலாக வேலை செய்தாராம். அளவு சரியென்றால் மொடலில்தான் எதையோ விட்டிருக்க வேண்டும், ஆகவே சுண்ணாம்புக்கல்லுக்குள் ஒரு வெடிப்பை வைத்துப் பார்த்தாராம். கடலிலிருந்து நேரே பதினேழாம் கிணற்றுக்கு, மோட்டார் இறைப்பினால் திறந்துகொண்ட வெடிப்பு. அதை வைத்ததும் எல்லாம் பொருந்திவிட்டதாம்.

“இது பெரிய விசயம் துஷாந்தினி. கட்டுரையா எழுதப்போறன். உங்கட பேரும் வரும்.”

கைபேசியை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தாள். இல்லாத எண்ணுக்காக இல்லாத வெடிப்பு. இனி அதை ஆரோ படிப்பார்கள், வேறொரு தீவில் வேறொரு கிணற்றுக்கும் அதையே போடுவார்கள். ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் செத்துவிடுவேன் போலிருந்தது. எழும்பி, தாயின் கண்ணுக்கு முன்னாலேயே, அடுத்த வளவுக்குப் போனாள்.

மாமி காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன் மாமி அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்? நான் ஒரு நாளும் வரேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்.”

மாமி நிமிரவில்லை.

“கொப்பரின்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்லை. கூடப்பிறந்தவள். வேலிக்கு இஞ்சால நிண்டு பறைச்சத்தம் கேட்டுக்கொண்டு நிண்டனான். அண்டைக்குத் துவக்கம் சனத்தின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு. நாலு பேருக்கு முன்னால தலை குனிஞ்சு நிக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். அண்ணையின்ர பிள்ளையும் அப்பிடி நிக்கிறதைப் பாக்க எனக்கு ஏலேல்லை. அதாலதான் கிணறு பாக்க வந்தவையிட்டயும் ஒண்டும் சொல்லாமல் கன்றை நட்டனான்.”

ஒரு செடியைப் பிடுங்கி வேரில் ஒட்டிய மண்ணை உதறினாள்.

“நீ மற்ற வளவுகளுக்கு வியாழக்கிழமையில வாறனீ எண்டு கண்டு வைச்சிருந்தனான். இஞ்சயும் வருவாய் எண்டு, வாளியைக் கழுவிக் கிணத்தடியில வைச்சிட்டு இருந்தனான். ஒவ்வொரு வியாழனும்.”

துஷாந்தினி கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து அழுதாள். மாமி வந்து ஆறுதல் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. செடி பிடுங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து லப்டொப்பைத் திறந்தாள். ஒரு கட்டளை அடித்தால் ஐம்பத்திரண்டு கட்டமும் ஒரே நொடியில் அழிந்துபோகும். அப்படிச் செய்ய மனம் வரவில்லை. ஒவ்வொரு திகதியாகப் போய், எண்ணை அழித்து, “அளக்கவில்லை” என்று கையால் அடித்தாள். ஐம்பத்திரண்டு தரம். பிறகு சேருக்குக் கடிதம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் அதிக நேரம் நின்றாள். வேலைப்பளு, சுகமில்லை என்று என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, “அது என் மாமியின் வீடு. நாங்கள் கதைப்பதில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது” என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சேர் எடுத்தார். கத்துவார் என்று காத்திருந்தாள். கட்டுரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். மீற்றரைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

“துஷாந்தினி, பதினேழை நான் வரைபடத்தில சும்மா ஒரு புள்ளியாத்தான் வைச்சனான். உங்களுக்குப் போக ஏலாதெண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா, அதுக்கு அங்கால இருக்கிற வளவின்ர கிணத்தை எடுத்திருப்பம். அது வருசம் முழுக்க நல்ல தண்ணியாமே. மிளகாயும் அங்க நட்டிருப்பம்.”

“ஓம் சேர்” என்றாள் துஷாந்தினி.