புரிஞ்சுதுங்க மிஸ்

சோமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஆறாம் வகுப்பில் வரும் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுதுங்க மிஸ்!" என்று கூரை அதிரும். அந்தச் சத்தத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

இந்த வருஷம் கம்ப்யூட்டர் அறைக்கு ஏஐ வாத்தியார் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் தமிழில் கேட்டால் அது தமிழிலேயே சொல்லிக்கொடுக்கும். எனக்கு ஒரே எரிச்சல். நான் என்ன செத்தா போய்விட்டேன்?

பத்தாம் வகுப்பில் ஒருத்தி நர்சிங் படிக்க ஆசைப்படுபவள். பொதுத்தேர்வில் கணக்கு போனால் வீட்டில் தறிக்குடோன் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். வகுப்பில் முதலில் தலையாட்டுவதும் அவள்தான். மார்க் குறையும்போதெல்லாம் "கவனக்குறைவு" என்று திட்டிவைப்பேன்.

ஒருநாள் கம்ப்யூட்டர் அறையில் அவள் முதுகுப்பக்கம் நின்றேன். காதில் ஹெட்போன் இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

"இல்ல, புரியல. மொதல்ல இருந்து சொல்லு. மைனசையும் மைனசையும் பெருக்குனா எப்படிப் பிளஸ் ஆகும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது ஏழாம் வகுப்புப் பாடம். நடத்தியது நான். அதைவிட அதிர்ச்சி, ஒரு 'ங்க' கூட இல்லாமல் அவள் அதட்டிக் கேட்டது. சுற்றிலும் காதைக் கொடுத்தேன். எல்லாப் பக்கமும் புரியல, புரியல, புரியல. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மணியடித்ததும் அவளைக் கூப்பிட்டேன். "ஏன் கண்ணு, எங்கிட்ட ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாமில்ல?"

"தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக்குடுக்கறீங்க. புரியலைன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமில்லீங்க மிஸ்? அந்த மெஷினுக்கு என்னங்க சங்கடம்?"

மரியாதை என்று நான் நினைத்திருந்ததெல்லாம் என் மேல் அவர்கள் காட்டிய இரக்கம்.

மறுநாள் மைனசிலிருந்து ஆரம்பித்தேன். வேர்க்க விறுவிறுக்க நடத்திவிட்டு, "புரியலைன்னா தைரியமாச் சொல்லுங்க, மிஸ் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் கரும்பலகையைப் பார்த்தாள், நனைந்திருந்த என் முகத்தைப் பார்த்தாள்.

"புரிஞ்சுதுங்க மிஸ்" என்றாள், அவசர அவசரமாக.