இரண்டு கடிகாரங்களுக்கு ஒரே மெஷின்

துபாயில் வேலை பார்த்த அண்ணன், எண்பதுகளின் தொடக்கத்தில் லீவில் வந்தபோது அப்பாவுக்கு ஒரு சுவிஸ் கடிகாரம் வாங்கி வந்தான். ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டாம். கட்டியிருக்கும் கை அசைந்தால் தானே ஓடும். கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த அப்பா, ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர்கள் எல்லோரையும் நிறுத்தி இதை விளக்குவார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் அந்தக் கம்பெனியே செய்கிறது என்றும் சேர்த்துக்கொள்வார். அது அவராக நினைத்துக்கொண்டது.

ஓய்வு பெற்ற வருடமே குளியலறை வாசலில் விழுந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் செயலிழந்தன. புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் தெளிவாகப் பேசிய முதல் பேச்சு, "வாட்ச் எங்கம்மா?" என்பதுதான். விழுந்த வேகத்தில் அது நின்றுபோயிருந்தது.

பெரிய கடைவீதியில் ஒரு கடிகாரக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, கை அசையும்போது உள்ளே சுற்றுகிற அரைவட்டத் தகட்டைக் காட்டினார். அதன் அச்சு முறிந்திருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. மேல இருக்கிற பேருதான் அவங்களோடது. உள்ள இருக்கிற மெஷினை அந்த ஊர்லயே வேற ஒரு ஃபேக்டரி செஞ்சு பல கம்பெனிக்குக் குடுக்குது. வெலை கம்மியான வாட்ச்லயும் இதேதான் ஓடுது. பழசு ஒண்ணு கெடச்சா கொண்டாங்க" என்றார்.

அப்பாவுடன் வேலை பார்த்த பாய் ஒருவர் பாலக்கரையிலிருந்து அடிக்கடி பார்க்க வருவார். அவரிடம் சொன்னேன். மறுநாளே ஒரு கடிகாரத்துடன் வந்தார். கண்ணாடி நொறுங்கி, முள் வளைந்து கிடந்தது. குவைத்தில் இறந்துபோன அவருடைய தம்பியின் சாமான்களோடு வந்தது. அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

"பீரோவுல சும்மாதான் கெடக்குதும்மா. சார் கையில ஓடுனா எனக்கு சந்தோஷம்" என்றார்.

கடையில் திறந்தபோது உள்ளே அதே மெஷின்தான் இருந்தது. தகடு கச்சிதமாகப் பொருந்தியது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவ்வளவு பெருமையாகப் பேசியவர். ஆனாலும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு கோணிய வாயோடு சிரித்தார். படுத்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

"எங்கயோ இருக்கிறவங்க செஞ்சது, பாயோட தம்பி கட்டுனது. இத்தனை பேரு சேந்துல்ல எனக்கு ஓட்டுறாங்க" என்றார்.

வலது கையில் கட்டிவிடப் போனேன். வேண்டாம், இடது கையிலேயே கட்டு என்றார். காலையில் எழுந்ததும் வலது கையால் இடது கையைத் தூக்கி ஆட்டுவார். டாக்டர் சொன்ன பயிற்சிக்கு முணுமுணுத்தவர், கடிகாரம் நிற்கக் கூடாதென்று ஆட்டினார். முழுதாகச் சரியாகவில்லை, தம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு அந்தக் கை திரும்பியது. எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

நடக்கத் தொடங்கியதும், பாய் வீட்டுக்குக் கூட்டிப் போ என்றார். பஸ்ஸில் போனோம். சொல்ல வேண்டிய நன்றியைத் தயாராக வைத்திருந்தவர், பாயைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பாயின் மனைவி சேமியா பாயசம் கொண்டுவந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை ஆகாது. அந்தம்மா இரண்டாவது தம்ளரையும் நீட்டியபோது நான் தடுக்கவில்லை.