தண்ணீருக்குள் இரண்டு கால்கள்

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியின் வெஸ்ட்மீட்டில் நானும் என் யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவனும் ஒரே அறையில் குடியிருந்தோம். புகைப்படக் கலை பற்றிய புத்தகங்களை நூலகத்திலிருந்து அள்ளிவந்து படிக்கும் வியாதி அப்போது எனக்கு இருந்தது. அது முற்றியதன் விளைவாக, புளூ மவுண்டன்ஸ் மலையில் தண்ணீர் போகும் வழியை, பாசியில் கசியும் முதல் துளியிலிருந்து அருவியாக விழுவதுவரை, முப்பத்தாறு படங்களில் பிடிப்பதென்று தீர்மானித்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு ஃபிலிம் சுருள். அதில் மனித வாடையே படக்கூடாது என்பது என் கொள்கை.

நண்பனின் தேவை வேறு. தொழிற்சாலையில் பாதத்தில் இரும்பு விழுந்து, சில மாதம் கட்டுப் போட்டிருந்தான். அந்தச் செய்தி ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வளர்ந்து, கால் ஒன்றையே எடுத்துவிட்டதாக ஆகியிருந்தது. கால் ஆறிவிட்டது என்று அவன் எழுதிய எதையும் அம்மா நம்பவில்லை. படத்தில் கண்டால்தான் நம்புவேன் என்று எழுதிவிட்டார்.

ஊருக்கு அனுப்பும் படமென்றால் கோட்டும் டையும் அந்தக் காலத்துச் சட்டம். எனவே ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை அவன் கோட்டும் டையுமாக ரயிலேறி, வழுக்குப் பாறைகளில் என் பின்னால் இறங்கினான்.

"மச்சான், முழுசா எடு. அம்மா கால்வரைக்கும் பாக்கோணும்."

"ஓம், ஓம். ஆடாமல் நில்."

அவன் நின்றான். நான் லென்ஸைச் சற்றே நகர்த்தி, பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்தேன். நாள் முழுக்க இதே துரோகம். கடைசியில் அருவிக்குக் கீழே, ஆழமில்லாத குட்டையொன்றில், சப்பாத்தைக் கழற்றிக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"கெதியா எடடா. இப்பதான் உண்மையா கால் போகப்போகுது."

நான் அலைகளை எடுத்துவிட்டு, "சரி, எடுத்தாச்சு" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. மறுநாள் ஊருக்குப் புறப்படும் ஒருவரிடம் கொடுத்துவிட ஏற்பாடு செய்திருந்தான். கட்டிலில் ஒவ்வொன்றாகப் பரப்பினான். பாசி, துளி, ஓடை, அருவி. முப்பத்தைந்து படங்களில் ஆளே இல்லை. கடைசிப் படத்தின் மூலையில் மட்டும், என் கவனக்குறைவால், தெளிந்த தண்ணீருக்குள் இரண்டு கால்கள்.

அவன் அந்தப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "தண்ணி வடிவா வந்திருக்கு" என்றான். அப்படிச் சொன்னதற்கு அவன் என்னை அடித்தே இருக்கலாம்.

வேறு வழியின்றி அந்தக் கால்களையே கொடுத்தனுப்பினான். ஒரு மாதம் கழித்து வந்த பதிலைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். அம்மா எழுதியிருந்தார்: "கால் ரெண்டும் வந்து சேர்ந்தது. பெருவிரலுக்கு மேலை ஏறிக் கிடக்கிற விரலைக் கண்டனான். உன்ரைதான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டன். இனி மிச்ச ஆளையும் அனுப்பு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு அதே கோட்டு, அதே டை, அதே குட்டை. ஒரு சுருள் முழுக்க அவனையே எடுத்தேன். அருவி அவன் காதுக்குப் பின்னால் எங்கேயோ வெள்ளையாகத் தெரிந்தது.

என் தண்ணீர்ப் படங்கள் நிறம் மங்கி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. இன்றைக்கும் வழியில் யாராவது கமெராவை நீட்டி "எங்களை ஒரு படம்" என்று கேட்டால், கால்வரை விழுகிறதா என்று இரண்டு தடவை பார்த்த பிறகே அழுத்துகிறேன். அந்தப் படத்துக்காக எந்த ஊரில் எந்தத் தாய் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதே.