ஆயர் லேட்டாக வந்த ஞாயிறு

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. ஏற்காட்டில் எங்கள் சபையின் ஆராதனை காலை ஒன்பது மணிக்கு. ஒன்பதே கால் ஆயிற்று... ஒன்பதரையும் ஆயிற்று. பாடகர் குழு மூன்றாவது பாட்டையும் முடித்துவிட்டது. ஆயரைக் காணோம். லேட்டாக வருகிறவர்களை விளாசித் தள்ளுகிற ஆயரே லேட்!

சபையில் ஒரே முணுமுணுப்பு. எனக்குக் காரணம் தெரியும் – சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் அதற்கு முந்தைய ஞாயிறு தொடங்கியது. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது, மஞ்சக்குட்டையிலிருந்து வரும் மூன்று குடும்பங்கள் பனியில் நனைந்த தலையோடு உள்ளே நுழைந்தன. ஆயர் பேச்சை நிறுத்தினார்.

"எஸ்டேட் வேலைக்கு மட்டும் டயத்துக்குப் போறீங்க இல்ல? ஆண்டவர் வீடுன்னா இளக்காரமா?"

அத்தனை பேர் முன்னால்! அவர்களில் ஒருவரான யேசுதாஸ் அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார். அவர் மனைவி எஸ்தர் தலையைக் குனிந்தபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இருவருக்கும் காப்பித் தோட்டத்தில் வேலை.

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுதத் தெரிந்த சபைக் கமிட்டிக்காரன் சும்மா இருப்பானா? ஆயரை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு மனு. இரண்டு பக்கம், ஐந்து பாயிண்ட். ஒண்டிக்கடை முக்கில் டீ ஆறுவதற்குள் ஏழு கையெழுத்து விழுந்துவிட்டது. பாதிக்கப்பட்டவரின் கையெழுத்து முக்கியமில்லையா? மறுநாள் மாலை எஸ்தரைத் தேடிப் போனேன்.

படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க, இதெல்லாம் ஐயாகிட்ட சொல்லிப்போட்டீங்களா?"

"இல்லையே..."

"அவருகிட்டச் சொல்லாம, அவருக்கு மேல இருக்கறவங்ககிட்டச் சொல்றதுங்களா? எனக்கும் நெஞ்சு எரியுதுங்க. எங்க ஊட்டுக்காரரு இனி அந்தப் படி மிதிக்க மாட்டேங்கறாரு. ஆனா மொதல்ல ஐயாகிட்டத்தானுங்க சொல்லோணும். நாளைக்கு நான் போறேன். நீங்களும் வாங்க."

போனேன். மனு சட்டைப்பையில்தான் இருந்தது.

ஆயர் நாற்காலி எடுத்துப் போட்டார். எஸ்தர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"ஐயா, நீங்க அன்னைக்குச் சொன்னதுல எங்க ஊட்டுக்காரரு நொம்ப ஒடஞ்சு போயிட்டாருங்க. வர்ற ஞாயித்துக்கெழமை விடியால எங்க ஊட்டுக்கு வந்துருங்க. காப்பி குடிச்சுப்போட்டு எங்ககூடவே ஜீப்புல வாங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

ஆயர், "வர்றேம்மா" என்றார்.

எஸ்தர் அத்தோடு விடவில்லை. "நீங்களும் சொல்லுங்கய்யா. எதுக்குங்க அவ்ளோ கோவம்?"

அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஆராதனை முடிந்ததும் அவர் தலைச்சோலைக்கு ஓட வேண்டும். அங்கே பதினோரு மணிக்கு இன்னொரு ஆராதனை. அங்குள்ள ஒருவருக்குச் சர்க்கரை நோய். திருவிருந்து அப்பம் வாங்கும் வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாராம். எவ்வளவு சொல்லியும் கேட்கிறதில்லை.

"போன மாசம் நான் போய்ச் சேர லேட்டாயிடுச்சு. அவரு மயங்கி விழுந்துட்டாரு, மூஞ்சியில தண்ணி தெளிச்சிட்டு இருந்தாங்க. அதுலருந்து இங்க ஒவ்வொரு நிமிஷமும் எனக்குப் பதறுதும்மா. அதை உங்க மேல காட்டிட்டேன்."

எட்டு மாதமாக எங்களோடு இருக்கிறார். எங்களில் ஒருவருக்காவது இது தெரியுமா?

எஸ்தர் என்னைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. மனுவை எடுத்து ஆயரிடமே கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். எனக்கு வியர்த்தது... ஏற்காட்டில்!

"மூணாவது பாயிண்ட் நியாயம்தான் சார். ஆஸ்பத்திரியில படுத்திருந்த நம்ம சபைக்காரரை நான் போய்ப் பாக்கலை. என் தப்பு. நாளைக்கே அவர் வீட்டுக்குப் போறேன்."

மற்ற நான்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் திருப்பித் தந்த மனுவை வெளியே வந்து கிழித்துப் போட்டேன்.

அந்த வாரம்தான் இந்த லேட். மஞ்சக்குட்டையில் ஷேர் ஜீப் ஆள் நிறையாமல் கிளம்பாது. ஆயரும் யேசுதாஸ் குடும்பமும் ஏறி உட்கார்ந்தும், இன்னும் இரண்டு பேர் வரட்டும் என்று டிரைவர் நிறுத்தியே வைத்திருந்தாராம். ஒன்பதே முக்காலுக்கு ஆயர் உள்ளே வந்தார், பேன்ட்டில் சேறோடு. பின்னாலேயே எஸ்தர். அவர் பின்னால் – யேசுதாஸ்! வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லையாம்.

"மன்னிச்சிருங்க" என்றார் ஆயர். "இன்னைக்கு லேட்டானதுக்கு மட்டும் இல்ல. போன வாரம் பேசினதுக்கும்."

கடைசி வரிசையிலிருந்து யேசுதாஸ் எழுந்தார். ஆராதனை நடுவே அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏனுங்கய்யா, விடியால தலைச்சோலை ஆராதனைய முடிச்சுப்போட்டு அப்புறமா இங்க வந்தா ஆகாதுங்களா? அவங்க பசியோட இருக்க வேண்டாம். நாங்களும் ஓடி வர வேண்டாமுங்க."

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது ஏன் நமக்குத் தோன்றவில்லை? ஆராதனையைச் சுருக்கமாக முடித்து ஆயரைத் தலைச்சோலைக்கு அனுப்பிவிட்டு, பத்தே நிமிடத்தில் அங்கே போன் போட்டுப் பேசி முடித்தோம்.

போன ஞாயிறு புது நேரம்: தலைச்சோலையில் காலை எட்டு மணி, இங்கே பத்தரை. மஞ்சக்குட்டைக்காரர்கள் முன் வரிசையில் இருந்தார்கள். கையெழுத்து வாங்கப் போன என்னை ஆயர் வீட்டுக்குக் கூட்டிப்போன எஸ்தருக்கு நான் நன்றி சொன்னேன். "அட, விடுங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆயருக்காக வாராவாரம் ஜெபிக்கிறோம். அவர் பிரசங்கத்துக்கு மார்க் போடுகிறோம். அவரிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டிருக்கிறோமா? அன்று ஆராதனை முடிந்து, கை குலுக்கும்போது கேட்டேன்.

"காலைல சாப்பிட்டீங்களா ஐயா?"

மணி பன்னிரண்டரை. "இன்னும் இல்ல சார்" என்றார் – இத்தனை மாதமாக யாரும் கேட்காததால், யாரிடமும் சொல்லாமல் இருந்த பதில் அது.