தாம்பாளத்தில் உட்கார்ந்த மிஷின்

திண்டிவனம் கடைக்காரர் எனக்கு அநியாயம் செய்துவிட்டார். எங்கள் விழுப்புரம் கல்யாண மண்டபத்தின் அறைக் கதவுகளைத் திறக்கும் கார்டுகளைப் பதிக்க ஒரு மிஷின் விற்றவர், அதை எதன்மேல் வைக்கக் கூடாது என்று சொல்லவே இல்லை.

புது மிஷின் ஆயிற்றே. பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினேன். அங்கேயே வைத்துக் கம்ப்யூட்டரில் இணைத்தேன். வீடியோ பார்த்து நானே கற்ற வேலை.

ஒரு கார்டுகூடப் பதியவில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மிஷின் நல்லாத்தாங்க இருக்கும். உங்களுக்கு வயசாயிடுச்சு, வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க" என்றார்.

விடுவேனா? மாலை வரை மல்லுக்கட்டினேன். அறைகள் பூட்டியே கிடந்தன.

மறுநாள் கல்யாணப் பெண்ணின் அத்தை ஓடி வந்தார். "ஐயா, மாப்பிள்ளை வேன் கண்டமங்கலம் தாண்டி வந்துக்கினு இருக்கு. ஆரத்திக்குத் தாம்பாளம் குடுங்க, ஜல்தி."

"பூஜை போட்ட மிஷின்மா அது."

"மிஷினுக்கு ஆரத்தியா சுத்தப் போறீங்க?"

மிஷினைத் தூக்கி மர மேசையில் வைத்துவிட்டு, தாம்பாளத்தோடு போய்விட்டார். எரிச்சலில் மறுபடி பட்டனை அழுத்தினேன்.

பீப்.

அடியில் உலோகம் இருந்தால் மிஷின் கார்டைப் படிக்காதாம்; பிறகு வீடியோவில் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு ஆரத்தி முடிவதற்குள் எல்லா அறையையும் திறந்துவிட்டேன். வாசலில் மேளம், உள்ளே என் பீப்.

இனி, கடைக்காரர் பெட்டிமேலேயே எச்சரிக்கை ஒட்ட வேண்டும். என் வயதைப் பேசியதற்கு நேரில் வந்து வருத்தம் சொல்ல வேண்டும். அத்தை தாம்பாளத்தைத் திருப்பித் தர வேண்டும். மரப்பலகையில் மறுபூஜையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கற்பூரமே காட்டியிருக்கக் கூடாது என்பவர்கள் கீழே கமென்ட்டில் வந்து பேசலாம்.