குரோட்டன் விசர்

"உவனுக்குக் கிரிக்கெட் விசர்" என்று என் மகள் பேரனைக் கடிந்தபோது, உரும்பிராய் வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது ஆறு வயது. "இவளுக்குக் குரோட்டன் விசர்" என்று சின்னம்மாவைப் பற்றி அம்மா சொன்னார். நான் அறிந்திருந்தது நாய்க்கு வரும் விசர்தான். அது மனிதருக்கு வந்தால் தண்ணீருக்குப் பயப்படுவார்கள், பிழைக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சின்னம்மாவைச் சோதித்துப் பார்க்கச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

சின்னம்மா அதை வாங்கிப் புதிதாக நட்ட குரோட்டன் செடிக்கு ஊற்றினார்.

"உங்களுக்குத் தண்ணிக்குப் பயமில்லையோ?"

காரணத்தைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டார். "அது நோய், வருத்தம், குஞ்சு. இது ஆசை."

"அப்ப ஏன் ரெண்டுக்கும் ஒரே சொல்லு?"

சின்னம்மா சிரிப்பை நிறுத்தி யோசித்தார். "ரெண்டும் பிடிச்சால் விடாதாக்கும்" என்றவர், பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் தெரிந்த சிவப்புக் குரோட்டன் இலைகளைப் பார்க்கத் தொடங்கினார்.